சூரியன் இறங்காத சனிக்கிழமை

ஒரு நாள் எங்கே முடிகிறது? கிளம்பிய ஊரிலா, போய்ச் சேரும் ஊரிலா, இரண்டுக்கும் நடுவே மேகத்துக்கு மேல் நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கையிலா? சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு இந்தக் கேள்வியை எந்த வகுப்பும் வைத்ததில்லை. சென்ற புரட்டாசியில், கிரீன்லாந்தின் பனிப்பரப்பு சன்னலுக்குக் கீழே வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையில் பசியோடு வியர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அதை என் முன் வைத்தார். அப்போது பதில் தேட அவகாசம் இல்லை.

அவர் பெயர் மாதம்மா. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி, தக்காளியும் பீன்ஸும் விளைவிக்கும் குடும்பம். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொள்வார். பெங்களூர் வியாபாரிகளிடம் கன்னடத்தில் விலை பேசுவது மாதம்மா. மகள் சுதா சிகாகோவின் புறநகரில் கணவரோடு இருக்கிறாள், அப்போது நிறைமாதம். அதற்கு முந்தைய ஆண்டு ஆறாம் மாதத்தில் ஒரு கருவை இழந்தவள். இந்த முறை குழந்தை நல்லபடியாகக் கைக்கு வர வேண்டும் என்று மாதம்மா பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். புரட்டாசிச் சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் ஒருசந்தி. பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். சூரியன் இறங்கி விளக்கு வைத்த பிறகு ஒரே வேளைச் சாப்பாடு. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. அதனால் சனிக்கிழமைகளில் காலை மாத்திரையை விட்டுவிடுவார்.

எனக்குச் சிகாகோவில் தாய்மார் ஊட்டச்சத்து பற்றிய ஒரு குறுகிய பயிற்சி. பென்னாகரத்துக்கு மேலே உள்ள மலைக் கிராமங்களில் நான் செய்யும் வேலை அதுதான். மகளின் பிரசவத்துக்குத் தனியாகக் கிளம்பவிருந்த மாதம்மாவை என்னோடு அனுப்ப அவர் மகன் ஏற்பாடு செய்தார். துணை போவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆங்கிலம் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும், நிதானம் உண்டு. வேறென்ன வேண்டும் என்றே நினைத்தேன்.

கிளம்பும் அன்று மாலை அவர் வீட்டில் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். அமெரிக்கா எவ்வளவு தூரம் என்ற பேச்சு வந்தது. மாதம்மாவின் கணவருக்கும் அவர் தம்பிக்கும் நான் விளக்கினேன்: பெங்களூரிலிருந்து சிகாகோ நேர்கோட்டில் ஏறத்தாழப் பதினாலாயிரம் கிலோமீட்டர், வளைகுடாவில் இறங்கி மாறிப் போவதால் ஆகாயத்தில் மட்டும் பத்தொன்பது மணி நேரம். மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும் என்பதையும் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் சுழற்றிக் காட்டினேன். அவர்கள் அக்கறையாகக் கேட்டார்கள்.

அதே அறையின் மறுபக்கத்தில் பெண்கள் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புறப்பாடு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணி. வருகை அதே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. அதை ஒரே கடிகாரத்தின் நேரமாக எடுத்துக்கொண்டு, பதினோரு மணி நேரப் பயணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். "மூணு மணிக்கு எறங்குனா ஆறு மணிக்கு மக வூட்டுல வெளக்கு வெச்சுச் சாப்டுக்கலாம். ஒருசந்தி கெடாது" என்று மாதம்மா நிம்மதியாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஒரு அறையில் பத்தொன்பதும் பதினொன்றும் பேசப்பட்டன. எலுமிச்சம்பழம் சுழற்றிய நான் உட்பட ஒருவரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

பெங்களூர் விமான நிலையத்தில் முதல் வேடிக்கை. வரிசையில் நிற்காமல் இருக்கட்டும் என்று மகன் அவருக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்திருந்தார். தள்ளிக்கொண்டு போக வந்த பணியாளரிடம் மாதம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லி, தன் கைப்பையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் வேகமாக நடந்தார். நடக்க முடிகிறவர் ஏன் நாற்காலி கேட்டார் என்று அதிகாரி ஒருவர் விசாரித்தார். மாதம்மா சிரிக்காமல் பையைக் காட்டி ஏதோ சொன்னார். அதைப் பணியாளர் இப்படி மொழிபெயர்த்தபோது அதிகாரியும் சிரித்துவிட்டார்: "மகளுக்குக் கொண்டுபோகிற பொடியெல்லாம் அதில் இருக்கிறதாம். அதற்குத்தான் முழங்கால் வலியாம்."

வளைகுடா நிலையத்தில் விடிந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே பாலைவெளி மஞ்சளாகக் கிடந்தது. நான் இட்லி என்று பலகையில் போட்டிருந்ததை வாங்கி ஏமாந்துகொண்டிருந்தேன். அது சூடாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாதம்மா தண்ணீர் குடித்தார். பிறகு கிழமைவாரியாகக் குழிகள் போட்ட மாத்திரை டப்பாவைத் திறந்து, சனிக்கிழமைக் குழியில் இருந்ததை விழுங்கினார். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று மகன் ஏழு குழிகளையும் நிரப்பிக் கொடுத்திருந்தார். ஊரில் விட்டுவிடும் காலை மாத்திரை, புது டப்பாவின் பழக்கத்தில் உள்ளே போய்விட்டது. நான் அப்போது அடுத்த வாயில் எங்கே என்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீண்ட விமானம் அது. மாதம்மாவுக்குச் சன்னலோரம், எனக்கு நடு இருக்கை. மூன்றாவது இருக்கையில் ஆம்பூரைச் சேர்ந்த ஒரு காலணி வியாபாரி, அறுபது வயதிருக்கும். மாதம்மா அவரை ஐந்தே நிமிடத்தில் 'பாய்' என்று அழைக்கத் தொடங்கினார். அவரும் மாதம்மாவிடம் தக்காளி விலை விசாரித்தார். ஆம்பூர் மண்டிக்கு வரும் தக்காளியின் தோல் தடிமனைப் பற்றி இருவரும் என் தலைக்கு மேல் நெடுநேரம் வாதாடினார்கள். முன்னால் இருந்த திரையில் ஒரு சின்ன விமானம் வடக்கு நோக்கி வளைந்துகொண்டே போனது. நேர்கோடு என்று நான் ஊரில் சொன்னது, உருண்டையான பூமியில் துருவத்தை ஒட்டிச் செல்லும் ஒரு வில் என்பதை அந்தத் திரையில்தான் கண்ணால் பார்த்தேன்.

உணவு வந்தது. மாதம்மா தட்டைத் திருப்பி அனுப்பினார். பணிப்பெண் மங்களூர்ப் பக்கத்துக்காரர். கன்னடத்தில் காரணம் கேட்டுவிட்டு, சாயங்காலம் தனியாகச் சூடு செய்து தருவதாகச் சொன்னார். எந்தச் சாயங்காலம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மாதம்மாவின் கைக்கடிகாரம் இன்னும் மாரண்டஹள்ளி நேரத்தில் இருந்தது. அது ஆறைக் காட்டியபோது சன்னல் மூடியை உயர்த்தினார். வெயில் உள்ளே பாய்ந்தது. அப்போது எனக்குப் புரிந்தது. நாங்கள் சூரியன் போகும் திசையிலேயே போய்க்கொண்டிருந்தோம். அந்தச் சனிக்கிழமை எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. சிகாகோவில் சூரியன் மறையும் வேளையில் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விடியப்போகும். இன்னும் பதினோரு மணி நேரம் அவர் பட்டினி கிடக்க வேண்டும்.

அவரிடம் அதைச் சொன்னேன். ஊரில் ஆறு மணியாகிவிட்டது, வீட்டில் விளக்கு வைத்திருப்பார்கள், அந்தக் கணக்கில் சாப்பிடலாம் என்றும் சொன்னேன். அவர் வெளியே விரலை நீட்டினார்.

"அதா, கண்ணுக்கு நேரா நிக்குதே. அதுக்கு முன்னாடி எப்பிடி வாய் வெக்கறது?"

பாய் பொறுமையாகக் குறுக்கிட்டார். தங்கள் வழக்கத்தில் பயணத்தில் இருப்பவருக்கும் நோயாளிக்கும் நோன்பிலிருந்து விலக்கு உண்டு. விட்டதை வேறொரு நாளில் வைத்து நிறைவு செய்துவிடலாம் என்றார். மாதம்மா அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்குச் சலுக இருக்குதுங்க பாய். எங்காளு கொஞ்சம் கண்டிப்பு."

"எல்லா ஆளும் ஒரே ஆளுதாங்கம்மா" என்றார் பாய்.

"அப்பிடின்னா அவரே வந்து சொல்லட்டும்."

பேச்சில் இவ்வளவு தெம்பு இருந்ததால் நானும் சற்று அசட்டையாக இருந்துவிட்டேன். கிரீன்லாந்து கீழே வந்தபோது அவர் பேச்சு நின்றது. குளிரூட்டிய விமானத்துக்குள்ளும் அவர் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை பூத்திருந்தது. தண்ணீர்க் குவளையைப் பிடித்த கை நடுங்கியது. காலையில் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். டப்பாவைக் காட்டினார். சனிக்கிழமைக் குழி காலி.

சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகளை வருடக்கணக்கில் கிராமங்களில் சொல்லிக்கொடுத்தவள் நான். உடனே ஏதாவது இனிப்பு உள்ளே போக வேண்டும். பணிப்பெண் பழச்சாறு கொண்டுவந்தார். மாதம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை அசைத்தார்.

"போன தடவ நான் ஒண்ணும் நேந்துக்கலீங்க பாய்" என்றார், என்னைப் பார்க்காமல். "அப்பத்தான் அப்பிடி ஆச்சு. இந்தத் தடவையும் நானே கெடுத்துட்டு, நாளைக்கி அவ மூஞ்சில முழிக்கறதா?"

பாய் பணிப்பெண்ணிடமிருந்து பழச்சாற்றை வாங்கி என் கையில் கொடுத்தார்.

நான் வழிகளை எண்ணிப் பார்த்தேன். சன்னலை மூடச் சொல்லி, இருட்டிவிட்டது என்று பொய் சொல்லலாம். விமானத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நம்பக்கூடும். வற்புறுத்திக் குடிக்க வைக்கலாம். ஆனால் நாளை சுதாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்தப் பெண்மணி அதைச் சாகும்வரை தன் தலையில் சுமப்பார். அந்தச் சுமையை ஏற்றிவைத்தவள் நானாக இருப்பேன். அதற்காக அவரை மயங்க விடவும் முடியாது. நினைவு தடுமாறும் அறிகுறி தெரிந்தால் அனுமதி கேட்கப்போவதில்லை என்று பணிப்பெண்ணிடம் மெல்லச் சொல்லிவைத்தேன். அவர் மருத்துவப் பெட்டியை அருகில் கொண்டுவந்து வைத்தார். பிறகு, விமானத்தின் இணைய வசதியில் சுதாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். அம்மா ஒருசந்தி. சூரியன் இறங்கவில்லை. வியர்க்கிறது, கை நடுங்குகிறது. எதையும் வாயில் வைக்க மறுக்கிறார்.

சிகாகோவில் அப்போது காலை நேரம். பதில் சட்டென்று வந்தது. நான் அதை உரக்க வாசித்தேன்.

"எனக்கு ஒரு ஆச வந்திருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. அம்மா சாப்பிடறதப் பாக்கணும். இப்பவே. போட்டோ எடுத்து அனுப்புங்க."

மாதம்மாவின் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை மறுக்க மாட்டார்கள்; மறுத்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது வடியும் என்பார்கள். வழியில் போகும் முன்பின் தெரியாத கர்ப்பிணி கேட்டால்கூட மரத்துப் புளியம்பழத்தைப் பறித்துக் கொடுத்துவிடுவார்கள். சுதா தன் தாயை அவருடைய நம்பிக்கையை வைத்தே மடக்கிவிட்டாள்.

"கேடி" என்றார் மாதம்மா, மெல்லிய குரலில். "ஒம்போது மாசமா ஒண்ணும் வேணாம் வேணாம்னவ, இப்ப கேக்கறா பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, காது வடியுங்கறது நெசந்தானா? அதெல்லாம் கெடையாதுன்னு நீதானே மீட்டிங்குல சொன்ன?"

சொன்னவள் நான்தான். எங்கள் ஊர் மகளிர் குழுக் கூட்டத்தில், மாதம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, குழந்தையின் காதில் சீழ் வருவதற்குக் கிருமித் தொற்றே காரணம் என்று படம் காட்டிப் பேசியிருக்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் அவர் குவளையைத் தொட மாட்டார். 'நிஜம்தான்' என்ற ஒரு சொல் அவரைக் காப்பாற்றும். பழச்சாறு என் கையில் இருந்தது. பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு சொல்லுக்காகப் பிறகு எத்தனை கூட்டங்களில் எத்தனை தாய்மார்களிடம் என் வார்த்தை மதிப்பிழக்கும் என்று யோசித்தேன். அவருடைய வியர்வையையும் பார்த்தேன்.

"காது வடியறதுக்குக் காரணம் வேறங்க அக்கா. அத மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா உங்க மக ஆசப்பட்டது நெசம்."

அவர் என் கைபேசியில் இருந்த அந்த வரிகளை, தானே படிக்க முயல்பவர்போல, குனிந்து பார்த்தார்.

"அது போதும். குடு" என்றார்.

பழச்சாற்றை ஒரே மூச்சில் குடித்தார். நடுக்கம் அடங்க நேரம் பிடித்தது. பிறகு பணிப்பெண் சூடு செய்து கொண்டுவந்த சோற்றையும் பருப்பையும் பிசைந்தார். சாப்பிடும் முன் காக்கைக்கு வைப்பது அவர் வழக்கம். தட்டின் மூடியில் ஒரு கவளத்தை எடுத்து வைத்து, வெயில் விழும் சன்னலோரம் தள்ளினார்.

"இந்த உயரத்துக்குக் காக்கா வராதுங்கம்மா" என்றார் பாய்.

"வந்தா தின்னுக்கும். உங்களுக்கு எதுக்குங்க கவல?"

நான் படம் எடுத்தேன். வாய் நிறையச் சோறு, கண்ணில் எரிச்சல். சுதாவிடமிருந்து வந்த பதில், தனக்கும் இப்போது பசிக்கிறது என்பது.

சிகாகோவில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. ஊரில் பெண்கள் டிக்கெட்டில் படித்தபடியே, அதே சனிக்கிழமை. வாசலில் சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டார்கள். சூரியன் மறைந்ததும் மகள் வீட்டில் மாதம்மா விளக்கு வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது ஒரு சிக்கல். ஒருசந்தி என்றால் ஒரு வேளை. அந்த வேளை கிரீன்லாந்தில் முடிந்துவிட்டது. சனிக்கிழமையோ இன்னும் முடியவில்லை. நான் மறுபடியும் கவலைப்படத் தொடங்கும் முன்பே மாதம்மா தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாரண்டஹள்ளில இந்நேரம் கோழி கூவிருக்கும். போடு, இது ஞாயித்துக்கெழமச் சோறு."

அடுத்த சில நாட்கள் நான் நகரத்தில் இருந்தேன். பயிற்சி நன்றாகவே நடந்தது. முதல் நாள் விரைவு ரயில் ஒன்றில் ஏறி, என் நிறுத்தத்தை அது நிற்காமல் கடப்பதைக் கதவோரம் நின்று பார்த்தேன். மாரண்டஹள்ளி பஸ் என்றால் ஒரு குரல் கொடுத்தால் நடத்துநர் விசில் ஊதிவிடுவார். இங்கே கேட்பதற்கு ஆளே இல்லை. எதிரே இருந்த ஒரு முதியவர், தானும் இந்த வாரம் இரண்டாம் முறையாக இப்படி மாட்டிக்கொண்டதாகச் சொல்லி, திரும்பி வரும் நடைமேடை வரை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மதியம் எங்கள் குழுவுக்குத் தந்த ரொட்டியில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. மாதம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைத் தூவித் தின்றேன். பக்கத்தில் இருந்த கென்ய நாட்டுச் செவிலியர் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். மறுநாள் டப்பாவையே கேட்டார்.

அவரிடம் விமானத்தில் நடந்ததைச் சொன்னேன். தன் ஊரிலிருந்தும் தாய்மார்கள் இப்படித்தான் மகள்களின் பிரசவத்துக்குக் கண்டம் தாண்டுகிறார்கள் என்றார். கூலியும் விடுமுறையும் இல்லாத வேலைக்காக, தம் உடம்பின் நோயைத் தாமே சுமந்துகொண்டு. டிக்கெட் எடுத்துக் கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நீண்ட பகலில் எப்போது சாப்பிடுவது, எப்போது மருந்து எடுப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. என் எலுமிச்சம்பழ விளக்கம் நினைவுக்கு வந்தது. தூரத்தைச் சரியாகச் சொல்லியிருந்தேன். அதை உடம்பு எப்படிக் கடக்கும் என்பதைச் சொல்லவில்லை.

பயிற்சி முடிவதற்குள் சுதாவுக்கு வலி கண்டது. ஆண் குழந்தை, எடை நல்ல எடை, தாயும் நலம். மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது மாதம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் கன்னடத்தில் ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒருசந்தி விஷயத்தைப் பெருமாளோடு எப்படி முடித்துக்கொண்டார் என்று கேட்டேன். ஊருக்குத் திரும்பியதும் ஒரு சனிக்கிழமை கூடுதலாக இருந்துவிடப் போவதாகச் சொன்னார். அது பாய் சொன்ன வழிதானே என்றேன். "யோசன நல்லா இருந்தா எடுத்துக்க வேண்டியதுதான்" என்றார்.

நான் தனியாகத் திரும்பினேன். கிழக்கே வரும் விமானத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் அதே தூரம் சற்றுக் குறைந்த நேரத்தில் முடிந்தது. இருட்டு எதிரே ஓடி வந்தது. ஒரு பகல் காணாமலே போயிற்று. ஒரு குறுகிய பயிற்சிக்காக இவ்வளவு எரிபொருளை எரித்தது தகுமா என்று வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குத் தெளிவான விடை இல்லை. அடுத்த பயிற்சியை இணையவழி நடத்தும்படி ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது பாலக்கோடு, கடத்தூர், பென்னாகரம் பக்கங்களிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெரியவர்கள் என்னிடம் வருகிறார்கள். எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கிலோமீட்டரைச் சொல்வதில்லை. என்ன விரதம், என்ன மருந்து என்று கேட்டுக்கொண்டு, வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து போய்ப் படுப்பது வரை எத்தனை வேளைச் சாப்பாடு, எத்தனை வேளை மாத்திரை என்று சொல்லி அனுப்புகிறேன்.